தொழுவத்துக்கு இடம் கேட்போம். தெருவில் மாட்டை விடமாட்டோம்

தோழர்களே! வீட்டு ஓரத்தில் இரண்டு மாடு கட்டிப் பிழைக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே! நாலு ஆடும் பத்துக் கோழியும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களே! விடியுமுன் கேனை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பால் ஊற்றப் போகிற பிள்ளைகளே!

படித்துவிட்டு மடித்துச் சொருகி வைக்கிற துண்டறிக்கை இல்லை இது. கூடிப் பேசி, முடிவெடுத்து, இறங்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் தெருவில் பிடிபடும் மாட்டுக்கு முதல் முறை அபராதம் 10,000 ரூபாய். இரண்டாம் முறை 15,000. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் பராமரிப்புச் செலவு 1,000. 2024 ஜூலையில் மாமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இது. அதுவரை 5,000, 10,000 என்று இருந்த தொகைதான் இப்படி ஏறியது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் நெடுஞ்சாலைகளில் திரியும் கால்நடைகளை அப்புறப்படுத்திக் காப்பிடங்களில் அடைக்க உத்தரவிட்டுவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இதற்கு மேலும் யாராவது வந்து சொல்லவேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பின மாடு. லிட்டருக்கு 50 ரூபாய் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, வைக்கோல், டாக்டர் செலவு எல்லாம் போக 200 மிஞ்சினால் அதிகம். முதல் அபராதம் 50 நாள் பாட்டை விழுங்கும். இரண்டாவது, 75 நாள் பாட்டை. ஒரு மாட்டை விற்றுத்தான் இன்னொரு மாட்டை மீட்கவேண்டும். மூன்றாவது முறைக்கு விற்க மாடு இருக்காது.

பணத்தோடு போவதும் இல்லை. பிடிபட்ட கறவை மாடு சாயங்காலக் கறவை நேரத்தில் கறக்க ஆளில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மடி கல்லாக இறுகும். காம்பு நுனியில் பால் சொட்டும். பின்னங்காலை மாற்றி மாற்றி ஊன்றும், படுக்கவும் முடியாது. பழகாத கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். வீட்டில் கன்று தொண்டை கட்டுமளவு கத்தும். இப்படி இரண்டு வேளை தவறினால் மடிவீக்கம். மடிவீக்கத்தில் கெட்ட காம்பு பல மாடுகளில் அடுத்த ஈத்திலும் திரும்புவதில்லை. அபராதச் சீட்டில் இந்த நட்டத்தை எழுதக் கட்டமே கிடையாது.

ஆகவே தோழர்களே, அடுத்த உயர்வு வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்துவிட முடியாது. ஆனால் போராட இறங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அது நம் வீட்டில் இருக்கிறது.

முதலில் நம் முற்றத்தைக் கூட்டுவோம்

2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு அம்மாவோடு நடந்துவந்த சிறுமியை ஒரு மாடு முட்டித் தூக்கி எறிந்தது. விழுந்த பிள்ளையை விடாமல் முட்டியது. ஊரே அந்தக் காணொளியைப் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டிய ஒரு முதியவர் மருத்துவமனையில் உயிரைவிட்டார். 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒன்று ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டித் தெரு நெடுக இழுத்துக்கொண்டு ஓடியது.

அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் முகத்தைப் பார்த்து, "வாயில்லா ஜீவன், அதுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்க நம்மில் யாருக்கு நா எழும்? மாட்டுக்குத் தெரியாது. அவிழ்த்துவிட்டவனுக்குத் தெரியும். ஒவ்வொரு முட்டலும் நம் கோரிக்கையைப் பத்து ஆண்டு பின்னுக்குத் தள்ளுகிறது. நாம் நூறு மனு கொடுத்துச் சேர்க்கும் நியாயத்தை ஒரே ஒரு அவிழ்ந்த கயிறு அரை நிமிடத்தில் அழித்துவிடுகிறது.

காலையில் கறந்ததும் அவிழ்த்துவிடுவது, சாயங்காலம் தானாக வந்து வாசலில் நிற்கும் என்று இருப்பது: இது பெரியவர்கள் காலத்து வழக்கம். அவர்கள் காலத்தில் ஏரிக்கரை இருந்தது, மேய்க்கால் புறம்போக்கு இருந்தது, அறுத்த வயல் இருந்தது. இன்று அந்த மாடு போகிற இடம் குப்பைத்தொட்டி. 2019 அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் 5 மணி நேரத்துக்கு மேல் அறுவை செய்து ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்ததும் அதே ஆண்டு ஜனவரியில்தான். தடை காகிதத்தில் இருந்தது. பை மாட்டின் வயிற்றில் இருந்தது. எச்சில் சோற்றை முடிச்சுப் போட்டு எறிகிறார்கள். மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. தீவனச் செலவு மிச்சம் என்று நாம் நினைப்பது, மாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதற்கான செலவு.

சினை பிடிக்காத மாடு, வற்றிய மாடு, காளைக்கன்று: இவற்றைத்தான் நாம் முதலில் தெருவுக்கு விடுகிறோம். அவிழ்த்துவிட்டு, காதுவில்லையையும் அறுத்து எறிந்துவிட்டு, "எங்க மாடு இல்ல சார்" என்று கைவிரிப்பவர்களும் நம்மிடையே உண்டு. சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று இன்றே சொல்லிவிடுவோம். ஒழுங்காகக் கட்டிவைத்துத் தீனி போடுகிற 10 பேர், அவிழ்த்துவிடுகிற ஒருவனுக்காக அடிவாங்குவது இனியும் நடக்கக்கூடாது.

சட்டம் கேட்பது என்ன, கொடுப்பது என்ன?

நகரத்தில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்பது நேற்றுப் பிறந்த விதி இல்லை. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தவும் ஒழுங்குபடுத்தவும் என்று தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மாட்டுக்கு மட்டும் வந்த சட்டமும் இல்லை. விலங்கு, பறவை என்று சேர்த்தே பேசுகிறது. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்த பிறகு, சென்னைக்கு ஒரு சட்டம் மற்ற ஊர்களுக்கு ஒரு சட்டம் என்ற பழைய நிலையும் போய்விட்டது. மதுரை, கோவை, திருச்சித் தோழர்கள் "அது சென்னைக்காரங்க பிரச்சினை" என்று இருந்துவிட வேண்டாம்.

மாட்டுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஒரு மாட்டுக்கு 36 சதுர அடி என்று மாநகராட்சி பேசுகிறது. கால்நடைப் பாடநூலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: பசுவுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர், திறந்த முற்றத்தில் 7 சதுர மீட்டர். எருமைக்கு 4, 8. மாடு திரும்பிப் படுக்க, எழுந்து நிற்க, சாணி மேலேயே படுக்காமல் இருக்க அந்த இடம் வேண்டும். அதைக் குறைத்துக் கேட்பது நாம் செய்யவேண்டிய வாதம் இல்லை. மாடு நம்முடையது, அது வசதியாகப் படுத்தால்தான் அசைபோடும், அசைபோட்டால்தான் பால்.

ஆனால் நம் வீடு எப்படி இருக்கிறது? வடசென்னையின் ஏதாவது ஒரு சந்துக்குள் வாருங்கள். இரண்டு பக்கமும் வீட்டுச்சுவர். நடுவே ஒரு ஆட்டோ போகும் அகலம். சுவரோரமாக முளை அடித்து நாலு மாடு. தலைக்குமேல் தார்ப்பாய். தொட்டிக்குப் பதில் பாதியாக அறுத்த நீல டிரம். கழுவிய தண்ணீரும் மூத்திரமும் போகிற வழி மழைநீர் வடிகால்தான். வேறு வழி அந்தச் சந்தில் வெட்டப்படவே இல்லை. குடும்பம் இருப்பது 300 சதுர அடி. நாலு மாட்டுக்கு 144 சதுர அடி என்றால், பாதி வீட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு பாதியில் குடும்பம் படுக்கவேண்டும். முற்றத்தையும் சேர்த்தால் வீடே போதாது.

அப்படியானால் இந்த விதிக்கு அர்த்தம் என்ன? இடமில்லாதவனிடம் இடத்தைக் காட்டு என்று கேட்டு, காட்டாவிட்டால் உரிமம் இல்லை என்று சொல்லி, உரிமம் இல்லாத மாட்டைப் பிடிப்பது. எழுத்தில் இது ஒழுங்குமுறை. நடைமுறையில் வெளியேற்றம். வெளியேற்று என்று எழுத யாருக்கும் துணிவில்லை. அதனால் சதுர அடி என்று எழுதுகிறார்கள்.

நம் பதில் ஒரே வரி: விதியை ஏற்கிறோம், விதி கேட்கும் இடத்தைக் கொடு.

முன்பு கொடுத்திருக்கிறார்கள்

நடக்காததையா கேட்கிறோம்? 1949இல் பம்பாய் நகரத்துக்குள் கொட்டில் கொட்டிலாக அடைந்துகிடந்த எருமைகளை வெளியே கொண்டுபோக கோரேகாவில் ஆரே பால் குடியிருப்பை அமைத்தார்கள். 3,000 ஏக்கருக்கு மேல் நிலம். கொட்டகை, புல்வெளி, தண்ணீர், பாலைப் பதப்படுத்தும் ஆலை எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். எருமைக்காரனை "போ" என்று மட்டும் சொல்லவில்லை. போகவேண்டிய இடத்தையும் காட்டினார்கள். இங்கே மாதவரத்தில் பால்பண்ணை வந்ததும் அந்தக் காலத்து எண்ணத்தில்தான். இன்றும் அந்த வட்டாரத்துக்கு அதுதான் பெயர். பேருந்துப் பலகையில் இருக்கிறது, காவல் நிலையப் பலகையில் இருக்கிறது.

நிலம் இல்லை என்பார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. கூரையும் முற்றமும் சேர்ந்து ஒரு பசுவுக்குச் சுமார் 113 சதுர அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வழி, தண்ணீர்த்தொட்டி, தீவன அறை, சாணக்குழி, டாக்டர் நிற்க ஒரு மூலை என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் 250 மாடு தாராளமாக நிற்கும். மண்டலத்துக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேடினால் கிடைக்காத நகரமா இது? பேருந்து நிலையத்துக்குக் கிடைக்கிறது, வாகன நிறுத்தத்துக்குக் கிடைக்கிறது. ராயபுரம் மண்டலத்தில் பேசின் பாலம் சாலையில் மாநகராட்சியே பொதுத் தொழுவம் கட்ட முன்வந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள். எல்லா மண்டலத்திலும் செய் என்பதுதான் நம் கோரிக்கை. மாடு கட்டுகிறவன் வீட்டிலிருந்து நடந்துபோய் அதிகாலை 4 மணிக் கறவையைப் பார்க்கிற தூரத்தில் அது இருக்கவேண்டும். 10 கிலோமீட்டருக்கு அப்பால் தொழுவம் கட்டினால் திறப்புவிழாக் கல்வெட்டு மட்டும் மிஞ்சும்.

நகரத்தை ஒட்டிய ஊர்களின் மேய்க்கால் புறம்போக்குகளையும் கேட்போம். குளம், மேய்ச்சல் நிலம் போன்ற ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊராருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மாட்டைப் பிடிக்கச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்லும் அதிகாரிகளிடம், நிலத்தை மீட்கச் சொன்ன தீர்ப்பையும் நாம் நினைவுபடுத்துவோம்.

குஜராத்தில் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும்

தோழர்களே, குஜராத்தில் மால்தாரிகள் என்று ஒரு மக்கள். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ப்பவர்கள். 2022 மார்ச் கடைசியில் அந்த மாநிலச் சட்டமன்றம் நகர்ப்புறக் கால்நடைக் கட்டுப்பாட்டு மசோதாவை நள்ளிரவு தாண்டும்வரை உட்கார்ந்து நிறைவேற்றியது. நகரத்தில் மாடு வைக்க உரிமம், மாட்டுக்கு அடையாள வில்லை, மீறினால் சிறை. மால்தாரிகள் ஊர் ஊராகத் திரண்டார்கள். செப்டம்பரில் காந்திநகர் அருகே பெருங்கூட்டம் கூட்டினார்கள். செப்டம்பர் 21 அன்று பால் கொடுக்க மறுத்தார்கள். அதே நாள் சட்டமன்றம் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு சொட்டுப் பால் நின்றால் ஒரு நகரம் எப்படித் தவிக்கும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டுவது எளிது. மிச்சத்தையும் கேளுங்கள். மசோதா போனது, மாடு தெருவில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் முன்னாள் துணை முதல்வரையே ஊர்வலத்தில் ஒரு மாடு முட்டித் தள்ளியிருந்தது. விபத்துகள் நிற்கவில்லை. உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டது. 2023இல் அகமதாபாத் மாநகராட்சி உரிமத்தோடும் கட்டுப்பாட்டோடும் தன் கொள்கையைக் கொண்டுவந்துவிட்டது. வாசல்வழி போன விதி கொல்லைவழி வந்தது.

பாடம் என்ன? வேண்டாம் என்று மட்டும் சொல்லி ஜெயித்தால் அந்த வெற்றி ஓராண்டுகூடத் தங்காது. இது வேண்டாம், இதற்குப் பதில் இதைச் செய் என்று எழுதி நீட்டுகிறவன்தான் நிலைக்கிறான்.

நடைபாதைத் தோழர்களிடம் கற்போம்

அப்படி நிலைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தள்ளுவண்டிக்காரர்கள், பூக்கட்டும் அக்காமார்கள், பழைய துணி விற்பவர்கள். அவர்களையும் முன்பு லாரியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். பல்லாண்டு போராடி 2014இல் தெரு வியாபாரிகள் சட்டத்தை வாங்கினார்கள். முதலில் கணக்கெடு, சான்று கொடு, அதுவரை யாரையும் அப்புறப்படுத்தாதே என்கிறது அந்தச் சட்டம். இடம் ஒதுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே இருக்கவேண்டும் என்கிறது. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். ஆனால் பேச ஒரு நாற்காலி இருக்கிறது, காட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

மாட்டுக்காரனுக்கு என்ன இருக்கிறது? மாமன்றத்தில் அபராதத் தொகை விவாதிக்கப்பட்டபோது நம் பக்கத்திலிருந்து யார் உட்கார்ந்திருந்தார்? நம்மைப்பற்றிய விதியை நாம் இல்லாத அறையில் எழுதுகிறார்கள். அந்த அறைக்குள் போகவேண்டும். அதுதான் இந்த அறைகூவலின் மையம்.

நாய் வளர்ப்பவர்களும் நம்மவர்களே

அடுக்குமாடியில் நாய், பூனை வளர்ப்பவர்களை நாம் வேறு சாதியாகப் பார்க்கிறோம். அவர்களும் நம்மை அப்படித்தான் பார்க்கிறார்கள். இரண்டும் தப்பு. குடியிருப்புச் சங்கம் கூடிக் கை தூக்கி "நாய் கூடாது" என்று தீர்மானம் போட்டால் அது செல்லாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்தது. வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடுக்கும் குடியிருப்பு விதிகள் சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. யார் வாங்கிக் கொடுத்தது இதை? விதியைப் படித்து, மனு எழுதி, வழக்கு நடத்தியவர்கள்.

அவர்களுக்கும் இப்போது நெருக்கடிதான். சென்னையில் நாய்க்கு உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, தோலுக்கடியில் மைக்ரோசிப், வெளியே வந்தால் சங்கிலி. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் என்று 2025 கடைசியில் அறிவித்தார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நாய் வளர்ப்பவரிடம் ஊசி போட்டாயா என்று கேட்கிறார்கள். உன் வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பதில்லை. படுக்கையறையில் நாய் தூங்கலாம், வாசலில் மாடு நிற்கக்கூடாது என்றால், அங்கே அளக்கப்படுவது மாட்டின் சுகமா, வளர்ப்பவனின் வசதியா?

இந்தக் கேள்வியை அவர்களிடமே கொண்டுபோவோம், சண்டைக்காக இல்லை, சேர்ந்து நிற்பதற்காக. சட்டம் நினைத்தால் உயிர் வளர்ப்பை உரிமையாகவும் எழுதமுடியும். பிரிட்டனில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குத்தகைத் தோட்டத்தில் கோழியும் முயலும் வளர்க்கலாம், ஒப்பந்தத்தில் தடை இருந்தாலும் செல்லாது என்கிறது. சேவலுக்கு அந்த உரிமை இல்லை, வியாபாரம் கூடாது, அக்கம்பக்கத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் கேடு கூடாது என்ற எல்லையும் அதே பிரிவில் இருக்கிறது. உரிமையும் எல்லையும் ஒரே மூச்சில். நமக்கு வேண்டிய விதி அந்த வகை.

ஓர் எச்சரிக்கை. நாம் தெருவில் இறங்கினால் மாட்டைத் தெய்வமாக்கி மாலை போட ஆள் வருவான். நம் பக்கத்தில் நின்று படமும் பிடித்துக்கொள்வான். வைக்கோல் கட்டு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கமாட்டான். நம் மாட்டுக்கு மதமும் இல்லை, கட்சியும் இல்லை. எருமை வைத்திருப்பவரும் ஆடு வைத்திருப்பவரும் நம்மோடு நிற்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பசுவை மட்டும் தூக்கிப் பிடிக்கிற எவனும் நம் மேடையில் ஏறக்கூடாது.

நம் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு மண்டலத்திலும் நடந்துபோகும் தூரத்தில் பொதுத் தொழுவம். தண்ணீர், மின்சாரம், சாக்கடை இணைப்போடு. தொழுவம் திறக்கும்வரை, வீட்டெதிரே கட்டிவைத்திருக்கும் மாட்டுக்கு இடைக்கால உரிமம்.

2. முதலில் கணக்கெடுப்பு, பிறகுதான் கெடுபிடி. கோமாரித் தடுப்பூசி போடும்போது நம் மாடுகளின் காதில் 12 இலக்க வில்லை குத்துகிறார்கள். அந்த எண்ணையே உரிமத்தின் எண்ணாக வைத்துக்கொள்ளலாம். இன்னொரு அலைச்சல் வேண்டாம்.

3. கால்நடை விதிகளை வகுக்கவும் மாற்றவும் ஒரு குழு. தெரு வியாபாரிகளுக்கு உள்ளதுபோல அதில் 40 விழுக்காடு வளர்ப்போர். அவர்களில் பெண்கள் கட்டாயம். கறக்கிறதும் சாணி அள்ளுகிறதும் பெரும்பாலும் அவர்கள்தானே.

4. படிப்படியான அபராதம். கயிறறுத்து ஒருமுறை ஓடிய மாட்டுக்கும், நாள்தோறும் அவிழ்த்துவிடும் மாட்டுக்கும் ஒரே தொகை கூடாது. பிடித்த மாட்டை இரண்டு வேளையும் கறக்க உரிமையாளரை உள்ளே விடவேண்டும். ஏற்றும்போது 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள்படி ஒரு லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது.

5. சாணத்துக்கு வழி. ஒரு மாடு நாளுக்குச் சுமார் 15 கிலோ சாணம் போடும். 250 மாடு என்றால் நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கச் சேத்துப்பட்டில் ஆலை வைத்த மாநகராட்சிக்குச் சாணத்திலிருந்து எடுப்பதா கடினம்? வடிகாலில் போவதைக் காசாக்கு. தொழுவப் பராமரிப்புக்கு அதுவே உதவும்.

6. வற்றிய மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் அரசு பொறுப்பேற்கும் காப்பிடம். இது இல்லாமல் தெரு காலியாகாது.

இந்த வாரமே செய்யவேண்டியவை

ஒன்று. உங்கள் தெருவில் மாடு, ஆடு, கோழி வளர்க்கும் வீடுகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். யார் வீட்டில் எத்தனை, எவ்வளவு இடம், வில்லை எண் என்ன, ஊசி போட்டாயிற்றா. அரசு கணக்கெடுக்கும் முன் நம் கையில் கணக்கு இருக்கவேண்டும். மாநகராட்சியின் கணக்கோடு நம் கணக்கு மோதும்போது பேச நமக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டு. 10 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "இடம் போதவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் வருத்தப்பட வேண்டாம். அந்தக் காகிதங்கள்தான் நாளைக்கு நமக்குத் தொழுவம் வாங்கித் தரப்போகும் சாட்சி.

மூன்று. படித்த பிள்ளைகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். உங்கள் மண்டலத்தில் இதுவரை எத்தனை கால்நடை உரிமம் கொடுத்தார்கள்? எவ்வளவு அபராதம் வசூலித்தார்கள்? அதில் எவ்வளவு தொழுவத்துக்குச் செலவானது? 30 நாளில் பதில் சொல்லியாகவேண்டும்.

நான்கு. பகுதி சபை, வார்டுக் குழு கூடுகிற நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அங்கே நாற்காலி காலியாகக் கிடக்கிறது. கறவை முடித்துக் கைகழுவிவிட்டு அப்படியே வாருங்கள். புடவையில் சாணி வாசம் இருந்தால் இருக்கட்டும்.

ஐந்து. முட்டுகிற குணமுள்ள மாட்டை, புதிதாகக் கன்று ஈன்ற மாட்டை, எந்தக் காரணத்துக்காகவும் பள்ளிக்கூட நேரத்தில் வெளியே ஓட்டாதீர்கள். இரவோடிரவாகத் தெருமுறை வையுங்கள்: ஒரு தெருவுக்கு நாளுக்கு இரண்டு பேர், அவிழ்ந்த மாடு யாருடையதானாலும் பிடித்துக் கட்டவேண்டும். ஒரு மாதம் ஒரு வட்டத்தில் ஒரு மாடுகூடத் தெருவில் இல்லை என்று காட்டுவோம். அன்றைக்கு நம் மனு மனுவாக இருக்காது. அக்கம்பக்கத்துக்காரர்களும் கையெழுத்துப் போட்ட தீர்மானமாக இருக்கும்.

ஆறு. மாடு பிடிக்க வண்டி வந்தால் கல் எடுக்காதீர்கள், கை ஓங்காதீர்கள். வருகிற ஊழியரும் நம்மைப்போல் அன்றாடங்காய்ச்சிதான். போனில் படம் எடுங்கள், வில்லை எண்ணைச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள், தெருவாருக்குச் சேதி அனுப்புங்கள். மாடு பிடிபட்டவர் தனியாக மாட்டுப்பட்டி வாசலில் நிற்கக்கூடாது. பத்துப் பேராகப் போங்கள்.

தோழர்களே! நகரம் வளர்ந்துவிட்டது, மாடு எதற்கு என்று கேட்பவர்கள் காலைக் காப்பியைக் குடித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். அவர்களோடு நமக்குப் பகை இல்லை. அவர்கள் பிள்ளை பயமில்லாமல் தெருவில் நடக்கவேண்டும். நம் மாடு பட்டினியில்லாமல் தொழுவத்தில் நிற்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நடக்கவைக்கும் பொறுப்பில் பாதி நம்முடையது, பாதி அரசாங்கத்துடையது. நம் பாதியை இன்று ராத்திரிக் கயிற்றிலிருந்து தொடங்குவோம். அவர்கள் பாதியை வாங்கும்வரை வீட்டுக்குத் திரும்பமாட்டோம்.

கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்! குறிப்பேட்டைத் திறங்கள்! மனுவோடு மண்டல அலுவலக வாசலுக்கு வாருங்கள்!

விதி எழுதும் அறையில் எங்களுக்கும் நாற்காலி கொடு!
சதுர அடி கேட்கும் சர்க்காரே, சதுர அடியைக் கொடு!